390 ஸ்டிக்கரும் ஒரு மரக்குச்சியும்

போன ஜூலையில் டல்லாஸ் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். "அண்ணா, 1970 ஃபோர்டு எஃப்-100 ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். 390 இன்ஜினாம். சனிக்கிழமை அட்வான்ஸ் குடுக்கணும். ஒரு எட்டு வந்து பார்த்துடுறீங்களா?" 390 என்பது கன அங்குலத்தில் இன்ஜினின் கொள்ளளவு, பிக் பிளாக் என்று சொல்கிற பெரிய வகை இன்ஜின்களில் ஒன்று. வாங்குவதற்கு முன்னால் இப்படிப் பழைய பிக்கப்களைப் பார்த்துச் சொல்வது என் தொழிலில் ஒரு பாதி. பார்க்காமல் வாங்கிவிட்டு வருகிறவர்களின் வண்டியைச் சரி செய்வது இன்னொரு பாதி. காசு அதில்தான் அதிகம், ஆனால் மனசுக்கு முதல் பாதிதான் நிம்மதி.

விற்பவர் எழுபதைத் தாண்டிய பெரியவர், பண்ணைக்காரர். பேச்சில் சூது இல்லை. அப்பா ஓட்டிய வண்டி, அப்பா 390 என்றுதான் சொல்வார் என்றார். ஏர் கிளீனர் மூடியில் 390 என்று ஸ்டிக்கர். தகட்டில் வண்டி எண்ணின் நான்காவது எழுத்து 'எச்'. 1968 முதல் 72 வரை வந்த எஃப் வரிசையில் 'எச்' என்றால் 390, 'ஒய்' என்றால் 360. ஆக, பெரியவர் சொன்னது உண்மை. ஃபேக்டரியிலிருந்து இந்த வண்டி 390-உடன்தான் இறங்கியிருக்கிறது.

இன்ஜின் முகப்பில் இருந்த அழுக்கைச் சுரண்டினேன். வார்ப்பிலேயே 352 என்று எழுதியிருந்தது. தம்பி முகம் வாடிவிட்டது. அதற்கு வாட வேண்டியதில்லை. ஃபோர்டின் எஃப்இ என்ற இன்ஜின் குடும்பத்தில் 352, 360, 390 எதுவாக இருந்தாலும் பல பிளாக்குகளில், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் வார்ப்புகளில், 352 என்றே வார்த்திருப்பார்கள். அந்த எண் எதற்கும் சாட்சி இல்லை.

360-க்கும் 390-க்கும் சிலிண்டர் போர், அதாவது துளையின் விட்டம், ஒன்றுதான், 4.05 அங்குலம். வித்தியாசம் ஸ்ட்ரோக்கில். 360-க்கு 3.50 அங்குலம், 390-க்கு 3.78. அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் ஒன்றில் 89 மில்லிமீட்டர், மற்றதில் 96. வெளியிலிருந்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒரு மரக்குச்சி போதும்.

பேட்டரி வயரைக் கழற்றினேன். எட்டு ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துவிட்டேன், அழுத்தம் இல்லாமல் இன்ஜின் லேசாகச் சுற்றும். முதல் சிலிண்டரின் பிளக் துவாரத்தில் குச்சியை விட்டுத் தம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கிராங்கின் (பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டின்) முனையில் இருக்கும் போல்ட்டில் நீளமான ராடு போட்டு, கையால் மெல்லச் சுற்றினேன். குச்சி ஏறி நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, இறங்கி நின்ற இடத்தில் இன்னொன்று. துவாரம் சாய்வாக இருப்பதால் கொஞ்சம் பிசகும், அதனால் மூன்று தடவை. மூன்று தடவையும் 89-ஐ ஒட்டியே வந்தது.

360.

எப்போதோ பழைய இன்ஜின் செத்திருக்கிறது, யாரோ கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள், மூடியை மட்டும் பழையதிலிருந்து எடுத்து மாட்டியிருக்கிறார்கள். ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன், ஐம்பது வருட வண்டியில் இது சகஜம். விலையைத்தான் பேசித் திருத்த வேண்டும். (இதை நீங்களே செய்து பார்ப்பதானால் ஒன்று: குச்சி உள்ளே இருக்கும்போது ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். ஒடிந்து விழுந்தால் சிலிண்டர்களின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.)

இதைப் படிக்கிற சிலருக்கு ஒரு சந்தேகம் வரும். 360 அப்படியென்றால் பிக் பிளாக் இல்லையா? அதுவும் பிக் பிளாக்தான். பிக் பிளாக் என்பது கொள்ளளவின் பெயர் இல்லை, வார்ப்பின் பெயர். செவ்ரலேயில் ஸ்மால் பிளாக்கின் சிலிண்டர் மையத்துக்கு மையம் 4.40 அங்குலம், பிக் பிளாக்கில் 4.84. அந்தச் சட்டத்துக்குள் எவ்வளவு பெரிய ஓட்டை போடுகிறார்கள் என்பது வேறு கணக்கு. அதனால்தான் 360 கன அங்குலத்தில் ஒரு பிக் பிளாக்கும் 400 கன அங்குலத்தில் ஒரு ஸ்மால் பிளாக்கும் இருக்க முடிகிறது.

அந்த 400-தான் என் தொழிலில் அதிகம் பேரைக் குழியில் தள்ளும் எண். செவ்ரலே பிக்கப்பில் 1968-இல் 396 பிக் பிளாக் வந்தது. 1970-க்கு அதன் போரைக் கொஞ்சம் பெரிதாக்க, உண்மையான அளவு 402 ஆகிவிட்டது. ஆனாலும் அந்த வருடம் 396 என்றே விற்றார்கள், 71, 72-இல் பிக்கப்களில் அதே இன்ஜின் 400 ஆனது. இதற்கிடையில் 1970-லேயே செவ்ரலே கார்களுக்கு 400 என்று ஒரு ஸ்மால் பிளாக்கும் கொண்டுவந்தது, எழுபதுகளின் நடுவில் அது பிக்கப்புக்கும் வந்தது. ஃபோர்டிடம் ஒரு 400 இருக்கிறது. போரும் 4 அங்குலம், ஸ்ட்ரோக்கும் 4 அங்குலம், 1977-இல் பிக்கப்பில் ஏறியது. உயரமான பிளாக், கியர்பாக்ஸ் மாட்டும் இடமும் ஃபோர்டின் 460 பிக் பிளாக்கைப் போலவே இருக்கும், அதனால் நிறையப் பேர் பிக் பிளாக் என்றே விற்கிறார்கள். அது 351 கிளீவ்லேண்ட் என்ற இன்ஜினின் வம்சம், பிக் பிளாக் இல்லை. டாட்ஜிடமும் ஒரு 400, அது அசல் பிக் பிளாக். ஒரே எண், நாலு இன்ஜின். ஆயில் பேன் கேஸ்கெட்டிலிருந்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வரை ஒன்றின் சாமான் மற்றதற்குச் சேராது.

செவ்ரலேயைப் பொறுத்தவரை கண்ணாலேயே சொல்லிவிடலாம். வால்வு கவரின் போல்ட்டை எண்ணுங்கள். அந்தக் கால ஸ்மால் பிளாக்கில் நாலு, பிக் பிளாக்கில் ஏழு. எக்ஸாஸ்ட் வாய்களையும் பாருங்கள்: ஸ்மால் பிளாக்கில் நடு இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும், பிக் பிளாக்கில் நான்கும் சீரான இடைவெளியில் நிற்கும். டாட்ஜில் இதைவிடச் சுலபம். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம் சாய்ந்திருந்தால் பிக் பிளாக், பின்னால் இருந்தால் ஸ்மால் பிளாக்.

"1972 செவ்ரலே சி10 பிக்கப், கம்பெனியே போட்ட 454 பிக் பிளாக்" என்று யாராவது சொன்னால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். பிக்கப்பில் 454 வந்தது 1973-இல், புதிய சதுர பாடியோடு. அதற்கு முந்திய வண்டியில் 454 இருந்தால் பிற்பாடு யாரோ வைத்தது. வைத்ததில் தப்பில்லை, கம்பெனி வைத்தது என்று காசு கேட்பதுதான் தப்பு. 427-இலும் இப்படி ஒரு வலை உண்டு. செவ்ரலேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டில் வந்த 427 வேறு, பெரிய சரக்கு லாரிகளுக்கு வந்த 427 வேறு. லாரி பிளாக்கின் உயரம் 9.8 அங்குலத்துக்குப் பதில் 10.2, பிஸ்டனில் நாலு ரிங். காரின் இன்டேக் மேனிஃபோல்டு அதில் அப்படியே உட்காராது. லாரியில் கழற்றியதை கார்வெட் விலைக்கு வாங்கி வந்தவர் ஒருவர் என் ஷெட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசவே இல்லை.

குதிரைத்திறன் எண்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1971 வரை விளம்பரத்தில் வந்தது கிராஸ் கணக்கு: ஃபேன், ஆல்டர்னேட்டர், வண்டியின் சொந்த சைலன்சர் எதுவும் இல்லாமல், இன்ஜினைத் தனியே மேடையில் வைத்து அளந்தது. 1972 மாடலிலிருந்து எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் நெட் கணக்கு. ஒரே இன்ஜின் காகிதத்தில் திடீரென்று இளைத்துப்போனதற்கு இது பெரிய காரணம். கம்ப்ரெஷனைக் குறைத்ததும் சேர்ந்துகொண்டது. அதனால் 1970 வண்டியின் எண்ணையும் 1974 வண்டியின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது வீண் வேலை. வேகம்தான் வேண்டும் என்பவர்களிடம் நான் 1978 டாட்ஜ் லிட்டில் ரெட் எக்ஸ்பிரஸைத்தான் காட்டுவேன். அந்தக் காலத்தில் எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்த பிக்கப், உள்ளே இருந்தது டாட்ஜின் 360, அது ஸ்மால் பிளாக்.

பிக் பிளாக்கின் குணம் வேகம் இல்லை, இழுவை. 460 போட்ட ஃபோர்டில் பின்னால் குதிரைகளை ஏற்றும் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு மேடு ஏறும்போது ஆக்சிலரேட்டரைத் தேட வேண்டியதில்லை. அதற்குக் கொடுக்கும் விலை பெட்ரோல் பங்கில் தெரியும். ஒரு கேலனுக்கு பத்து மைல் வந்தால் நான் வாடிக்கையாளருக்குக் கை குலுக்குவேன். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் சொச்சம்.

வாங்கிய பிறகு வரும் தொந்தரவுகளில் முதலாவது பிரேக். இரும்பு ஹெட் போட்ட பிக் பிளாக், ஸ்மால் பிளாக்கைவிட சுமார் நூறு பவுண்டு கூடுதல். அந்தப் பாரம் முழுக்க முன் சக்கரத்தின் மேல். ஸ்மால் பிளாக்கோ ஆறு சிலிண்டரோ இருந்த வண்டியில் பிற்பாடு பிக் பிளாக் வைத்தவர்கள் ஸ்பிரிங்கை மாற்றுவதில்லை, ரேடியேட்டரை மாற்றுவதில்லை, நாலு பக்கமும் டிரம் பிரேக்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள். செவ்ரலே பிக்கப்பில் முன் டிஸ்க் 1971-இல்தான் வழக்கமானது. நான் டெஸ்ட் டிரைவ் போவதே பிரேக்கைப் பார்க்கத்தான், இன்ஜினைக் கேட்க இல்லை.

அடுத்தது ஆயில். இந்த இன்ஜின்களில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் மேல், தட்டையான அடியுள்ள டேப்பெட் உராய்ந்துகொண்டே ஓடும். அதைக் காப்பாற்றுவது ஆயிலில் இருக்கும் துத்தநாகக் கலவை. இன்றைய கார் ஆயில்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடாமல் இருக்க அதைக் குறைத்துவிட்டார்கள். கடையில் கண்ணில் பட்ட விலை உயர்ந்த சிந்தெடிக்கை வாங்கி ஊற்றி, கேம் லோப் (கேம்ஷாஃப்டின் மேடு) தேய்ந்து உருண்டையாகி வந்த வண்டிகளை வருடத்துக்கு இரண்டையாவது பார்க்கிறேன். பழைய இன்ஜினுக்கென்று துத்தநாகம் கூட்டிய ஆயில் தனியாகக் கிடைக்கிறது. புது கேம் போட்டிருந்தால் முதல் இருபது நிமிடம் ஐடிலில் விடவே கூடாது.

ஈயம் கலக்காத பெட்ரோலைப் பற்றி ஆளாளுக்குப் பயமுறுத்துவார்கள். அமெரிக்காவில் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் 1996-இலேயே முழுதாக நின்றுவிட்டது. கடினப்படுத்தாத வால்வு சீட் உள்ள இன்ஜின் பாரம் இழுத்தால் சீட் தேயும், உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை டோனட் வாங்கப் போகிற வண்டிக்கு அதற்காக ஹெட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல்தான் உடனடித் தொல்லை: பழைய ரப்பர் ஹோஸ் ஊறி வெடிக்கும். பேட்டரியைத் தொடுவதற்கு முன்னால் ஹோஸை மாற்றுங்கள், தீப்பிடித்த இரண்டு வண்டியை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

டெக்சாஸிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வேலை மாறுகிற நம் ஆட்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே 1975 மாடல் வரை புகைச் சோதனை இல்லை. 1976 முதல் உண்டு, வண்டி எவ்வளவு பழசானாலும். எழுபதுகளின் கடைசி வருட வண்டியில் யாரோ 454-ஐ வைத்து, புகையைக் குறைக்கும் ஏர் பம்பையும் குழாய்களையும் குப்பையில் போட்டிருந்தால், அந்த வண்டி மாநில எல்லையைத் தாண்டியதும் உங்கள் தலைவலி. அந்த நிலைமை வரக்கூடியவர்கள் வருடத்தைப் பார்த்து வாங்குங்கள்.

அந்தத் தம்பி எஃப்-100-ஐ வாங்கிவிட்டார். பென்சில் கோடு போட்ட குச்சியைப் பார்த்த பெரியவர் ஒரு நிமிடம் சும்மா நின்றார், "அப்பா இதை என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார், ஆயிரத்து இருநூறு டாலர் குறைத்துக்கொண்டார். இப்போது தம்பி வாரம் ஒரு தடவை மெசேஜ் அனுப்புகிறார். "அண்ணா, கிராங்கும் கனெக்டிங் ராடும் மாத்திட்டா இது 390 ஆயிடும்னு சொல்றாங்களே, பண்ணிடலாமா?" ஆகும்தான். முதலில் முன் பிரேக்கைக் கொண்டு வா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.