கட்டுவிரியன் கடித்தால் நேரம் எங்கே போகிறது?

கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. தரையில் பாய் விரித்துத் தூங்குபவர் புரளும்போது கை மேலே பட்டால் கடித்துவிடும். பல் சின்னது. பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது. பலர் விழிப்பதுகூட இல்லை. விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் ஓமத்தண்ணீர் கொடுப்பார்கள். அப்புறம் இமை சொருகும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும்.

இந்த விஷம் நரம்பும் தசையும் சேரும் இடத்தில் நரம்பு முனைகளையே சிதைக்கிறது. விஷமுறிவு மருந்து உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தைத்தான் பிடிக்கும். சிதைந்த முனையைச் சரிசெய்யாது. அது திரும்ப வளர நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். அதுவரை வென்டிலேட்டர்தான் மூச்சு. மருந்து சீக்கிரம் ஏற வேண்டும் என்பது இதனால்தான்.

ஆனால் கடித்தது தெரிந்தாலும் முதலில் மந்திரிக்கத்தான் கூட்டிப் போகிறார்கள். இதை வெறும் அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடிக்கும் பாம்புகளில் விஷமில்லாதவை ஏராளம். விஷப்பாம்பும் சில நேரம் விஷத்தை இறக்காமல் கடித்துவிட்டுப் போகும். அப்படிக் கடிபட்டவர்களெல்லாம் பிழைத்துவந்து மந்திரித்தவர் பேரைச் சொல்கிறார்கள். நிஜமாக விஷம் ஏறியவர் தாமதமாக ஆஸ்பத்திரிக்குப் போய் இறக்க, கெட்ட பெயர் ஆஸ்பத்திரிக்கு. ஊர் கண்ணால் பார்த்ததைத்தான் நம்புகிறது.

நேபாளத்தில் தமக் என்ற ஊரைச் சுற்றிய கிராமங்களில் 2003-ல் இதற்கு ஒரு வழி பார்த்தார்கள். கிராமத்திலேயே பைக் வைத்திருப்பவர்கள் தன்னார்வலர்களாகச் சேர்ந்தார்கள். கடிபட்டவரை ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் உட்காரவைத்து நேராகச் சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோனார்கள். கூடவே கிராமத்தாரிடம் பாம்புக்கடி பற்றிப் பேசினார்கள். கடிபட்டவர்களில் இறப்போர் விகிதம் 10.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைந்தது. புது மருந்து எதுவும் வரவில்லை. அங்கே போடுவது இந்தியாவில் தயாராகும் மருந்துதான். இந்திய மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கை எடுத்துத் தருவது மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்.

கொசுவலையைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுத்தால் பாம்பு உள்ளே வருவது கடினம். காலையில் காரணமில்லாத வயிற்றுவலியோடு இமையும் சொருகினால், உடம்பில் பல் தடம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கயிறு கட்டாமல், கீறிவிடாமல், 108-ஐ அழையுங்கள். வண்டி வரத் தாமதமானால் பைக்கை எடுங்கள், நடுவில் உட்காரவையுங்கள்.