வெஸ்டர்ன்: ‘மேற்கத்திய’ அல்ல, ‘வன்மேற்கு’

‘கன்ஸ்மோக்’, ‘பொனான்ஸா’, ‘ராஹைட்’ மாதிரியான பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களை நேசிக்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அறுபது வருடங்களுக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் பகுதிகளை இன்றும் தேடிப் பார்க்கிறார்கள், எந்த நடிகர் வந்தபின் தொடர் மேலானது, யார் போனபின் சரிந்தது என்று விடாமல் வாதிடுகிறார்கள். இந்தத் தொடர்களைத் தமிழில் என்ன பெயரால் சொல்வது? ஆங்கிலத்தில் ‘வெஸ்டர்ன்’ என்ற ஒரே சொல் போதும். தமிழில் சிலர் ‘மேற்கத்தியத் தொடர்’ என்கிறார்கள், பெரும்பாலானவர்கள் ‘கௌபாய் தொடர்’ என்கிறார்கள். இரண்டுமே சரியாகப் பொருந்தவில்லை.

‘மேற்கத்திய’ என்று நாம் எழுதினால் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சேர்ந்த மேற்கு நாடுகள் என்றுதான் பொருள். மேற்கத்திய இசை, மேற்கத்திய உடை என்பதெல்லாம் அப்படி வந்தவை. லண்டனில் நடக்கிற குடும்பக் கதையும் ‘மேற்கத்தியத் தொடர்’தானே! வெஸ்டர்ன் என்பதில் இருக்கும் மேற்கு அமெரிக்காவுக்கு உள்ளேயே இருக்கும் மேற்கு. மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் கிடந்த புல்வெளியும் பாலையும் மலையும்தான் அது. காலமும் குறுகியது. உள்நாட்டுப் போர் முடிந்த 1865-லிருந்து ஏறக்குறைய 1890 வரை. குடியேற்றத்தின் எல்லைக்கோடு என்று இனி ஒன்றைக் காட்ட முடியாது என்று 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து அறிவித்தார்கள். ஆக, இருபத்தைந்து வருட வாழ்க்கையைப் பற்றி நூறு வருடங்களுக்கு மேலாகக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சொல்லாக வெஸ்டர்ன் முதலில் வெறும் பெயரடை. ‘மேற்குப் பக்கத்துக் கதை’, ‘மேற்குப் பக்கத்துப் படம்’ என்கிற மாதிரி. ஓவன் விஸ்டர் எழுதிய ‘தி வர்ஜீனியன்’ நாவல் 1902-இல் வந்தது. ரயில் கொள்ளையைக் காட்டும் எட்வின் போர்ட்டரின் குறும்படம் அடுத்த ஆண்டு வந்தது. அந்தப் படத்தின் பெரும்பகுதியை எடுத்தது கிழக்குக் கரையிலுள்ள நியூ ஜெர்சியில்! அதன்பின் இப்படிப்பட்ட படங்கள் குவியக் குவிய, ‘படம்’ உதிர்ந்து ‘வெஸ்டர்ன்’ மட்டும் பெயர்ச்சொல்லாக நின்றுவிட்டது.

அப்புறம் ‘கௌபாய்’. தமிழில் இந்தச் சொல் ஊன்றியதற்குக் காரணம் இருக்கிறது. 1970-களில் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் குதிரையேறி வந்த படங்களை எல்லாரும் ‘கௌபாய் படம்’ என்றுதான் சொன்னார்கள். ஆனால் கௌபாய் என்பது ஒரு தொழிலின் பெயர். ஸ்பானிய மொழியில் ‘வாகா’ என்றால் பசு, அதை மேய்ப்பவர் ‘வகேரோ’. மெக்சிகோவிலும் டெக்சாஸிலும் இருந்த அந்த வகேரோக்களிடம்தான் அமெரிக்கர்கள் குதிரைமேல் இருந்து மாடு பிடிக்கும் வேலையைக் கற்றார்கள். லாஸோ (சுருக்குக்கயிறு), ராஞ்ச் (மாட்டுப்பண்ணை), ரோடியோ (மாடு, குதிரை அடக்கும் போட்டி), மஸ்டாங் (காட்டுக்குதிரை) எல்லாமே அங்கிருந்து வந்த சொற்கள். கௌபாய் என்பவர் மாதக் கூலிக்கு வேலை செய்தவர். டெக்சாஸிலிருந்து ஆயிரக்கணக்கான மாடுகளை, கான்சாஸில் ரயில் வந்து நிற்கும் ஊர்வரை, வாரக்கணக்கில் புழுதியில் ஓட்டிப்போனவர். அவர்களில் நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். தொலைக்காட்சி இதை வெகுகாலம் காட்டவே இல்லை. அந்தத் தொடர்கள்மேல் எனக்கு இருக்கிற பெரிய மனக்குறைகளில் இது ஒன்று.

இளம் கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்த ‘ராஹைட்’ (1959–65) மாடு ஓட்டிப்போகிற கதையேதான், அதைக் கௌபாய் தொடர் என்றால் மறுப்பில்லை. ஆனால் கன்ஸ்மோக்கின் நாயகன் மாட் டில்லன் மார்ஷல், அதாவது மத்திய அரசு நியமித்த சட்ட அதிகாரி. ஷெரிஃப் வேறு, அவர் மாவட்ட மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். ‘ஹேவ் கன், வில் ட்ராவல்’ நாயகன் கூலிக்குத் துப்பாக்கி எடுப்பவன். பொனான்ஸாவின் பென் கார்ட்ரைட் பெரும் நிலக்கிழார். இவர்கள் எல்லாரையும் கௌபாய் என்ற ஒரே தொப்பிக்குள் அடக்க முடியாது.

ரசிகர்கள் எதை நேசிக்கிறார்கள் என்று பார்த்தால் சொல்லின் பொருள் இன்னும் தெளிவாகும். ‘லோன் ரேஞ்சர்’ (1949–57) போன்ற ஆரம்பத் தொடர்கள் சிறுவர்களுக்கானவை. 1955-இல் ‘அடல்ட் வெஸ்டர்ன்’ என்று ஒரு புதுப்பெயர் வந்தது. இதை அப்படியே ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்று பெயர்த்தால் விபரீதமாகிவிடும். பெரியவர்களும் உட்கார்ந்து பார்க்கத்தக்க, மனிதர்களைப் பற்றிய கதை என்பதுதான் பொருள். அதன் முதல் பெரிய எடுத்துக்காட்டு கன்ஸ்மோக். 1952-இலேயே வானொலியில் வில்லியம் கான்ராடின் குரலில் தொடங்கிய கதை அது. 1955 செப்டம்பரில் ஜேம்ஸ் ஆர்னஸ் நடிக்கத் தொலைக்காட்சிக்கு வந்து, 1975 வரை 20 பருவங்கள், 635 பகுதிகள் ஓடியது.

பெயர் ‘துப்பாக்கிப் புகை’ என்றிருந்தாலும், ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பேசுவது சுடும் காட்சிகளைப் பற்றி அல்ல. டாட்ஜ் சிட்டியில் மிஸ் கிட்டி நடத்தும் லாங் பிராஞ்ச் மதுக்கூடத்தில் ஒரு மேசை. அதில் டாக்டர் ஆடம்ஸும், கசங்கிய தொப்பியும் கரகரத்த குரலுமாக ஃபெஸ்டஸும். பீருக்கு யார் காசு கொடுப்பது என்று இருவரும் மல்லுக்கட்டுவார்கள். வாய் ஓயாது, ஆனால் ஒருவருக்கு ஒன்றென்றால் மற்றவர் துடித்துப்போவார். மார்ஷல் பக்கத்தில் நின்று பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். இதற்காகவே அந்தத் தொடரைப் பார்க்கிறவர்கள் உண்டு. முன்னால் உதவியாளராக இருந்த செஸ்டர் மேலா, பின்னால் வந்த ஃபெஸ்டஸ் மேலா என்பது ஓயாத வழக்கு. 1961 வரை வந்த அரைமணி நேரப் பகுதிகளா, அப்புறம் வந்த ஒருமணி நேரப் பகுதிகளா என்பது இன்னொரு வழக்கு. நான் அரைமணி நேரத்தின் பக்கம். ஒரு சொல் கூடுதலாக இருக்காது, கதை முடிந்த இடத்தில் நின்றுவிடும்.

பொனான்ஸாவின் கவர்ச்சி வேறு. பெயரே ஸ்பானியச் சொல். முதலில் நல்ல வானிலை, பிறகு சுரங்கக்காரர்கள் வாயில் செழிப்பான தாதுப்படலம், இன்று எதிர்பாராத பெருஞ்செல்வம். கதை நடக்கும் நெவாடாவின் வர்ஜீனியா சிட்டி, 1859-இல் கண்டறிந்த வெள்ளிப் படலத்தால் எழுந்த ஊர் என்பதால் பெயர் பொருத்தம். தொடக்கத்தில் கார்ட்ரைட் குடும்பத்தின் பாண்டரோசா பண்ணையின் வரைபடம் நடுவிலிருந்து தீப்பற்றி எரியும், அந்த ஓட்டை வழியே அக்குடும்பத்தினர் குதிரைகளில் வருவார்கள். 1959-இல் முதல் பகுதியிலிருந்தே வண்ணத்தில் வந்தது. ஒளிபரப்பிய என்.பி.சி.யின் தாய் நிறுவனமான ஆர்.சி.ஏ. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி விற்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று மனைவியரை இழந்த ஒரு தகப்பன், ஆளுக்கொரு தாய் வயிற்றில் பிறந்த மூன்று மகன்கள். அந்த வீட்டுக்குள் காதலித்து வரும் பெண் பெரும்பாலும் செத்துப்போவாள் அல்லது ஊரைவிட்டுப் போவாள். ரசிகர்களே இதைச் சாபம் என்று சொல்வதுண்டு. மூத்தவன் ஆடம் 1965-இல் விலகியதையும், நடுமகன் ஹாஸாக நடித்த டான் பிளாக்கர் 1972-இல் இறந்ததையும் இன்றும் வருத்தத்தோடு பேசுகிறார்கள். ஹாஸ் இல்லாத கடைசிப் பருவத்தை என்னாலும் முழுதாகப் பார்க்க முடிந்ததில்லை.

1958–59 பருவத்தில், அதிகம் பேர் பார்த்த தொடர்களின் முதல் பத்து இடங்களில் ஏழு வெஸ்டர்ன்கள். அவ்வளவு உயரம்! அப்புறம் வன்முறை குறித்த குறை எழுந்தது, விளம்பரதாரர்கள் நகரத்து இளைஞர்களைத் தேடினார்கள், ஒவ்வொன்றாக நின்றது. முடிவுப்பகுதி என்று ஒன்று எடுக்கக்கூட வாய்ப்பில்லாமல் கன்ஸ்மோக் நிறுத்தப்பட்டது ரசிகர்களுக்கு இன்றும் ஆறாத மனத்தாங்கல்.

குறைகளில் பெரியது, அந்த மண்ணின் பூர்வகுடிகளைக் காட்டிய விதம். லோன் ரேஞ்சரின் துணைவனாக நடித்த ஜே சில்வர்ஹீல்ஸ் உண்மையிலேயே மொஹாக் இனத்தவர். மற்றபடி பல தொடர்களில் வெள்ளை நடிகர்களே முகப்பூச்சோடு அந்த வேடங்களில் வந்தார்கள். தொடர்களை நேசித்துக்கொண்டே இதைக் குறையென்று சொல்லும் ரசிகர்கள் நிறைய உண்டு. அப்படித்தான் சொல்லவும் வேண்டும்.

சரி, தமிழ்ச்சொல். புதிதாக உருவாக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே இருக்கிறது. சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் என்ற வெஸ்டர்ன் நாயகனின் கதைகளைப் படிக்கிறவர்கள் ‘வன்மேற்கு’ என்ற சொல்லை இயல்பாகப் புழங்குகிறார்கள். ‘மேற்கு’ என்பதோடு ‘வன்’ சேர்ந்ததும் இது திசை அல்ல, ஒரு நிலமும் காலமும் என்று புரிந்துவிடுகிறது. ‘வன்’ என்றால் வன்முறைதானே, அமைதியான பொனான்ஸாவுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும். சங்கப் பாடல்களில் ‘வன்புலம்’ என்பது மேட்டுநிலம், ஆடுமாடு மேயும் கரடான நிலம். வயல் சூழ்ந்த மென்புலத்துக்கு எதிர்ப்பதம். வெஸ்டர்னின் நிலமும் அதுதான். கடுமை மண்ணில் இருக்கிறது, அதன்மேல் வாழ்கிறவர்களின் அன்பைத்தான் ரசிகர்கள் பார்க்கிறார்கள். ஆகவே தொடரை ‘வன்மேற்குத் தொடர்’ என்றும், படத்தை ‘வன்மேற்குப் படம்’ என்றும் எழுதலாம்.

கூடவே வரும் சில சொற்கள். கதையில் அடிக்கடி நடக்கும் மாட்டுத் திருட்டுக்குத் தொல்காப்பியத்தின் வெட்சித் திணையில் ‘ஆகோள்’ என்ற சொல் இருக்கிறது. அங்கே அது போரின் தொடக்கம், இங்கே தூக்குக்கயிறு வரை போகும் குற்றம். ஆனாலும் செயல் ஒன்றே. மாட்டுக்குப் போடும் அடையாளம் ‘சூட்டுக்குறி’. அந்தக் குறி இல்லாமல் திரியும் மாட்டுக்குப் பெயர் ‘மேவரிக்’. தன் மாடுகளுக்குச் சூடு போடாமல் விட்ட டெக்சாஸ்காரர் சாமுவேல் மேவரிக்கின் பெயர் அது. ‘சலூன்’ என்பதை மட்டும் அப்படியே எழுதவே கூடாது. நம் ஊரில் சலூன் என்றால் முடிதிருத்தும் கடை, மிஸ் கிட்டி அங்கே என்ன செய்கிறாள் என்று வாசகர் திகைப்பார். ‘மதுக்கூடம்’ போதும். மார்ஷல், ஷெரிஃப் இரண்டையும் அப்படியே விட்டுவிடலாம். இரண்டுக்கும் ‘காவல் அதிகாரி’ என்று எழுதினால், நியமனம் பெற்றவருக்கும் தேர்தலில் வென்றவருக்கும் இருக்கும் வேறுபாடு காணாமல் போய்விடும். இத்தாலியர்கள் எடுத்த படங்களை ‘ஸ்பகெட்டி வெஸ்டர்ன்’ என்பதற்கு ‘இத்தாலிய வன்மேற்கு’.