பிக்அப் மாற்றினீர்களா? ஆம்ப்ளிஃபையரின் எர்த் பின்னில் கை வைக்காதீர்கள்

எர்த் பின் அறுக்கப்பட்ட இன்னொரு ஆம்ப்ளிஃபையர் என் மேசைக்கு வந்திருக்கிறது. கொண்டு வந்தவர் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர், கல்லூரி மாணவர். மின்கிட்டாரில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் பக்கத்துப் பிக்அப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகத்தை, வீட்டிலேயே மாற்றியிருக்கிறார். அன்று முதல் ஒரே இரைச்சல். "எர்த்தை எடுத்துவிட்டால் ஹம் போய்விடும் என்று சொன்னார்கள் அண்ணா" என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை. பிளக்கில் பருத்த பின் இருக்க வேண்டிய இடத்தில் ரம்பம் ஓடிய தடம் பளபளத்தது. இரைச்சல் அப்படியே இருந்தது.

புதுச்சேரியில் கிட்டார் பழுது பார்க்கும் எனக்கு இது பழகிப்போன காட்சி. ஜூன் 21 இசை விழா நெருங்கும் வாரங்களிலும், கோயில் திருவிழாக் கச்சேரிகள் தொடங்கும் மாசி மாதத்திலும் இப்படிப்பட்ட பிளக்குகள் அடிக்கடி வருகின்றன. கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பின் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக, கேபிள் செருகும் ஜாக்கின் வெளிப்பகுதியோடு இணைந்திருக்கின்றன. அங்கிருந்து கேபிளின் உறை ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபையரின் உலோகச் சட்டத்துக்கு இணைப்பு போகிறது. சட்டம் எர்த் பின் வழியாக மண்ணோடு சேர்கிறது. அதாவது உங்கள் இடது கை விரல்கள் நாள் முழுவதும் ஆம்ப்ளிஃபையரின் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதற்குச் சமம். உள்ளே ஏதோ ஒரு பாகம் பழுதாகி 230 வோல்ட் சட்டத்தில் ஏறினால், எர்த் இருக்கும்வரை ஃபியூஸோ டிரிப்பரோ உடனே மின்சாரத்தை வெட்டிவிடும். எர்த் இல்லையென்றால் அந்த 230 வோல்ட் தந்திகளில் காத்திருக்கும். பாடுவதற்காக மைக்கில் உதடு படும் நொடியில் அது உதட்டுக்கும் கைக்கும் நடுவே, நெஞ்சின் வழியாகப் பாயும்.

இது வெறும் கற்பனை பயம் இல்லை. 1972 மே மாதம் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸின் ஸ்வான்சி நகரத்து மேடையில், சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். 1976இல் யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் வீட்டில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தபோது, எர்த் சரியில்லாத கருவியால் உயிரிழந்தார். நம் ஊர் மேடையை நினைத்துப் பாருங்கள்: மைக் செட் ஜெனரேட்டரில் ஓடும், கிட்டார் ஆம்ப்ளிஃபையர் பக்கத்து வீட்டு மின்சாரத்தில் ஓடும், நடுவே ஈரத் தரை, வெறுங்கால்.

இந்தத் தவறான நம்பிக்கை ஏன் சாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆம்ப்ளிஃபையர் ஒரு பிளக்கிலும் மிக்சர் வேறொரு பிளக்கிலும் இருந்து, இரண்டும் கேபிளால் இணைந்திருந்தால், எர்த் இரண்டு வழியாகப் போய் ஒரு வளையம் உருவாகும். அந்த வளையத்தால் ஹம் வரும். ஒரு பக்கத்து எர்த்தை எடுத்தால் வளையம் அறுந்து ஹம் குறையும். இதை யாரோ ஒருவர் மேடையில் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அங்கேயும்கூடச் சரியான வழி, இரண்டையும் ஒரே போர்டில் செருகுவது. அல்லது கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உள்ள டி.ஐ. பாக்ஸை, அதாவது மிக்சருக்கு ஒலியை அனுப்பும் சிறு இணைப்புப் பெட்டியை, நடுவில் வைப்பது. அந்த சுவிட்ச் கேபிளின் உறை ஒயரைத்தான் பிரிக்கிறது. வீட்டு எர்த்தைத் தொடுவதே இல்லை. உங்கள் கதை அதுவும் இல்லை. நேற்றுவரை அமைதியாக இருந்த கிட்டார், அதே வீடு, அதே பிளக், அதே ஆம்ப்ளிஃபையர். மாறியது பிக்அப் மட்டும்தான் என்றால் கோளாறு கிட்டாருக்குள்தான் இருக்கிறது.

இதைவிட என்னை வதைக்கும் இன்னொரு தப்பான முடிவு உண்டு. "தந்தியைத் தொட்டால் ஹம் நின்றுவிடுகிறது, கையை எடுத்தால் வருகிறது. அப்படியென்றால் கிட்டாரில் எர்த் இல்லை, என் உடம்புதான் எர்த் கொடுக்கிறது." வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் சொல்கிறார்கள். நடப்பது நேர் எதிர். சுவருக்குள் ஓடும் ஒயர்களும் டியூப் லைட்டும் பரப்பும் 50 ஹெர்ட்ஸ் மின்புலத்தை உங்கள் உடல் வாங்கிக்கொள்கிறது. கிட்டாரை மார்போடு அணைத்திருக்கிறீர்கள். வாங்கியதை அந்த உடல் பிக்அப்புக்குக் கடத்துகிறது. தந்தியைத் தொட்டவுடன் உடல் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தோடு சேர்ந்துவிடுகிறது, கடத்துவது நின்றுவிடுகிறது. நீங்கள் கிட்டாருக்கு எர்த் கொடுக்கவில்லை. கிட்டார்தான் உங்களுக்கு எர்த் கொடுக்கிறது. தொட்டால் ஹம் குறைகிறது என்றால் தந்தி இணைப்பு நன்றாக இருக்கிறது என்றே பொருள். அந்த ஒயரைத் தேடிப் பிடித்து வெட்டாதீர்கள். வெட்டிய கிட்டார்களும் வந்திருக்கின்றன. பாதுகாப்புக்காக வெட்டினேன் என்பவர்களுக்கு: ஜாக்கின் உலோகமும் கேபிள் முனையும் அப்போதும் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும்.

தந்தியைத் தொட்டும் மாற்றமே இல்லை, ஆனால் கேபிள் முனையின் உலோகத்தைத் தொட்டால் ஹம் குறைகிறது என்றால், பிரிட்ஜுக்குப் போகும் ஒயர் அறுந்திருக்கிறது. பிக்அப் மாற்றும்போது மிக அதிகமாக நடப்பது இதுதான். கிட்டார் மாடலைப் பொறுத்து இடம் மாறும். ஸ்ட்ராட் வகையில் இந்த ஒயர் பின்பக்கத்து ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டில் இருக்கும். டெலி வகையில் பிரிட்ஜ் தகட்டின் அடியில் அழுந்திக் கிடக்கும். லெஸ் பால் வகையில் பெரும்பாலும், தந்திகளின் முனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸின் திருகு இறங்கும் துளைக்குள் மறைந்திருக்கும். மறு முனை வால்யூம் கன்ட்ரோலின் முதுகில்.

அந்த முதுகைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஈயம் பெரிய மணியாக, உறுதியாகத் தெரியும். ஒயரை நகத்தால் மெல்ல நெம்பினால் மணி முழுதாகக் கழன்று வரும். அடியில் தகடு சுத்தமாக, ஈயம் பிடித்த தடமே இல்லாமல் இருக்கும். தாமரை இலைத் தண்ணீராக ஒட்டாமல் உட்கார்ந்திருந்தது என்று அப்போதுதான் தெரியும். ரேடியோ வேலைக்கு வாங்கிய 25 வாட் சால்டரிங் அயர்னை வைத்து அந்தத் தடித்த தகட்டைச் சூடேற்றப் பார்ப்பதால் வரும் வினை. தகடு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஈயம் மட்டும் உருகி மேலே குளிர்ந்துவிடும். 60 வாட் அயர்ன், அகலமான முனை, தகட்டை உப்புத்தாளால் தேய்த்தபின் சில நொடிகள். அவ்வளவுதான். நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் உள்ளிருக்கும் கார்பன் தடம் கெட்டுவிடும். குழாய் வேலைக்கான அமிலப் பேஸ்டைத் தயவுசெய்து கிட்டாருக்குள் கொண்டு வராதீர்கள். தேவனாம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் கடல் உப்புக் காற்றே ஜாக்கையும் கன்ட்ரோலையும் அரித்துவிடுகிறது. அதற்கு அமிலமும் துணை போக வேண்டாம்.

தந்தியைத் தொட்டால் ஹம் அதிகமாகிறதா? ஜாக்கில் இரண்டு ஒயர்களும் இடம் மாறியிருக்கின்றன. மாற்றிப் போடுங்கள், முடிந்தது.

இனி நிறங்கள். மஞ்சக்குப்பத்துத் தம்பியின் கோளாறு இங்கேதான் இருந்தது. ஹம்பக்கர் வகைப் பிக்அப்பில் இரண்டு காயில்கள் (ஒயர்ச் சுருள்கள்) உண்டு. சுற்றும் திசையும் காந்த முனையும் ஒன்றுக்கொன்று எதிர். அதனால் தந்தியின் ஒலி கூடுகிறது, வெளியிலிருந்து வரும் ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது. கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பு இது. நான்கு ஒயர் உள்ள பிக்அப்பில் இந்தக் காயில்களை நாம்தான் சேர்க்க வேண்டும். நிறங்களுக்குப் பொது விதி கிடையாது. சீமோர் டங்கன் நிறுவனப் பிக்அப்பில் கறுப்பு ஒலி ஒயர், பச்சையும் உறையில்லா ஒயரும் எர்த், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேர்த்துச் சால்டர் செய்து டேப் சுற்ற வேண்டியவை. டிமார்சியோ நிறுவனத்துடையதில் சிவப்புதான் ஒலி ஒயர், பச்சையும் உறையில்லா ஒயரும் எர்த், கறுப்பும் வெள்ளையும் சேர வேண்டும். ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதை இணைத்தால் ஒரு காயில் தலைகீழாகிவிடும். அப்போது ஒலி மெலிந்து தகரத்தில் தட்டியதுபோல வரும், ஹம் குறைவதற்குப் பதிலாகக் கூடும். மெலிந்த ஒலியும் பெருத்த ஹம்மும் சேர்ந்து வந்தால் நிறத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்தத் தம்பியின் கிட்டாரில் இரண்டு ஒயர்களை மாற்றியதோடு ஹம் அடங்கியது. அவர் தூக்கிப் போடத் தயாராக இருந்த புதிய பிக்அப்பில் எந்தக் குறையும் இல்லை.

உலோக மூடி உள்ள டெலி கழுத்துப் பிக்அப்பில் கவனம் வேண்டும். மூடி பெரும்பாலும் எர்த் ஒயரோடு உள்ளேயே இணைந்திருக்கும். ஃபேஸ் (மற்றப் பிக்அப்போடு ஒலி அலை ஒத்துப்போவது) சரிசெய்கிறேன் என்று இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றினால் மூடி ஒலி ஒயரோடு சேர்ந்துவிடும். விரல் படும்போதெல்லாம் இரையும். மூடிக்குத் தனி எர்த் ஒயர் கொடுத்த பிறகே மாற்ற வேண்டும்.

ஸ்ட்ராட் வகையில் நடுப் பிக்அப்பை மட்டும் மாற்றியவர்கள் இன்னொன்றைப் பாருங்கள். இக்காலத்துக் கிட்டார்கள் பலவற்றில் நடுப் பிக்அப் எதிர்த் திசையில் சுற்றப்பட்டு, காந்த முனையும் மாறி இருக்கும். அதனால் இரண்டு பிக்அப்புகள் சேர்ந்து ஒலிக்கும், சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் ஹம் இருக்காது. சாதாரணப் பிக்அப்பை அங்கே போட்டால் அந்த அமைதி போய்விடும். சால்டரிங்கில் தேடிப் பயனில்லை. எதிர்ச்சுற்று என்று கேட்டு வாங்க வேண்டும். ஒரே சுருள் கொண்ட தனித்த சிங்கிள் காயில் பிக்அப்புக்கோ கொஞ்சம் ஹம் இயல்பு. எழுந்து நின்று கிட்டாரோடு மெல்லச் சுழலுங்கள். ஒரு திசையில் ஹம் வெகுவாகக் குறைந்தால் இணைப்புக்குக் குறை சொல்ல வேண்டாம், ஃபேன் ரெகுலேட்டரிலிருந்தும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும் தள்ளி உட்காருங்கள்.

இதற்கெல்லாம் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றிய கேபிளைக் கிட்டாரில் மட்டும் செருகி, வால்யூமை முழுதாக வைத்து, மறு முனையின் நுனிக்கும் உறைக்கும் நடுவே அளந்து பாருங்கள். சிங்கிள் காயில் என்றால் ஏறத்தாழ 5 முதல் 7 கிலோ ஓம். ஹம்பக்கர் என்றால் 7இலிருந்து 16 வரைகூடப் போகும். எதுவுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது, பூஜ்யம் என்றால் எங்கோ ஒட்டியிருக்கிறது. பிறகு பிரிட்ஜில் ஒரு முனை, கேபிள் உறையில் ஒரு முனை: மீட்டர் பீப் ஒலி எழுப்ப வேண்டும். ஹம்மைத் தடுக்க உள்ளே காப்பர் டேப் ஒட்டியவர்கள் ஜாக்கின் நாக்கு டேப்பில் படுகிறதா என்றும் பாருங்கள். படும்போது சத்தமே வராது.

ஆம்ப்ளிஃபையரைத் திறக்காதீர்கள். கண்ணாடிக் குழாய் உள்ள வால்வு ஆம்ப்ளிஃபையர் என்றால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் அடாப்டரை வீட்டைவிட்டே வெளியேற்றுங்கள். அறுப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. எக்ஸ்டென்ஷன் போர்டில் மூன்று துளை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பாதீர்கள், மலிவானவை சிலவற்றில் உள்ளே இரண்டே ஒயர்தான் ஓடும். வாசிக்கும் அறைக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். தந்தியில் விரல் கூசுகிறதா, சுரீர் என்கிறதா? கிட்டாரைத் தொடாமல் முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்குங்கள்.

மேடையில் வாசிக்கும் பிள்ளைகளிடம் கெஞ்சிக் கேட்கிறேன். ஏற்கெனவே எர்த் பின்னை அறுத்திருந்தால் இன்றே புதிய மூன்று பின் பிளக் மாட்டுங்கள். அதற்கு அதிகச் செலவு ஆகாது. கிட்டாரைக் கழற்றுவதற்கு முன் உள்ளே இருக்கும் இணைப்புகளைத் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பழுது பார்க்கக் கொண்டு வரும்போது அந்தப் படத்தையும், பிக்அப் பெட்டியில் இருந்த தாளையும், கழற்றிய பழைய பிக்அப்பையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.