தேனீ வேண்டும், குளவி வேண்டாமா?

பூச்சியியல் வேலையில் இருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் படம் ஒன்று உண்டு. ஒரு பச்சைப் புழு, அதன் முதுகில் அரிசியை ஒட்டிவைத்ததுபோல் வெள்ளை வெள்ளையாகச் சின்னக் கூடுகள். "புழு முட்டை போட்டுவிட்டது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டிருப்பார்கள். புழு முட்டை போடாது; அது அந்துப்பூச்சியான பிறகுதான் முட்டையிடும். அந்த வெள்ளைக் கூடுகள் ஒட்டுண்ணிக் குளவியுடையவை. தாய்க்குளவி புழுவின் உடலுக்குள் முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கும். குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து கூடு கட்டிக்கொள்கின்றன. புழு இனி பிழைக்காது. மருந்து அடித்தால் வீணாகச் சாவது குளவிதான்.

குளவி என்றதும் கொட்டுவதுதான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் குளவி, தேனீ, எறும்பு, ரம்ப ஈ எல்லாம் சேர்ந்த இந்தக் குடும்பத்தில் இதுவரை பெயரிடப்பட்டவை ஒன்றரை லட்சம் இனங்களுக்கு மேல். அதில் பெரும்பங்கு, கண்ணில் படாத சிறு ஒட்டுண்ணிக் குளவிகள். பெரும்பாலும் நம்மை அவை சீண்டுவதில்லை.

இவ்வளவு இனங்கள் எப்படி வந்தன? சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய முன்னோர்கள் செடி தின்றவை. செடியைக் கீறி முட்டை வைக்கப் பெண் பூச்சிக்கு ரம்பம் போன்ற உறுப்பு இருந்தது. பிறகு ஒரு கிளை, மற்றப் பூச்சிகளின் மேல் முட்டையிடத் தொடங்கியது. இடுப்பு ஒடுங்கியது, வயிற்றை நினைத்த பக்கம் வளைத்துக் குத்த முடிந்தது. பின்னால் வந்த ஒரு கிளையில் அதே முட்டையிடும் உறுப்பு விஷக் கொடுக்காக மாறியது. ஆண் குளவியும் ஆண் தேனீயும் கொட்டாததற்குக் காரணம் இதுதான்.

ஒட்டுண்ணி வாழ்க்கை சுலபமல்ல. புழுவின் உடல் தன்னுள் நுழைந்த முட்டையை அழிக்கப் பார்க்கும். சில குளவிகள் அதை அடக்க, முட்டையோடு ஒரு வைரஸையும் உள்ளே செலுத்துகின்றன. இந்தக் கூட்டு சுமார் 10 கோடி ஆண்டுப் பழையது. இப்படி ஓர் இரைக்கே பழகிப்போன குளவியால் இன்னொன்றில் எளிதாக வளர முடியாது. இனங்கள் பிரிய இது ஒரு வழி. ஆனால் 2023-இல் வெளியான ஒரு பெரிய மரபுவழி ஆய்வு, ஒட்டுண்ணி வாழ்க்கை உடனடியாகப் புதுப்புது இனங்கள் உருவாவதைத் தூண்டவில்லை என்கிறது. மறுபடி செடியை நம்பி வாழத் திரும்பிய கிளைகளில்தான் வேகம் கூடியதாம்.

அப்படித் திரும்பியவற்றுள் முதன்மையானது தேனீ. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் வேட்டைக் குளவிகளிலிருந்து பிரிந்த தேனீக்கள் இன்று 20,000 இனங்களுக்கு மேல். தேனீக்கு மிக நெருங்கிய குளவிகள் இலைப்பேன் என்ற சிறு பூச்சியைப் பிடிப்பவை. பூவில் மகரந்தம் ஒட்டிய இரையைக் குஞ்சுக்குக் கொண்டுபோன பழக்கம், மெல்ல மகரந்தத்தையே கொண்டுபோவதாக மாறியிருக்கலாம். இன்னொன்று: கூரையில் காகிதம்போன்ற கூடு கட்டும் குளவியைவிட எறும்புதான் தேனீக்கு நெருங்கிய சொந்தம்.

எந்தப் பூச்சி எந்த இனம் என்று பார்ப்பது வெறும் பட்டியல் வேலை அல்ல. 1970-களில் தென் அமெரிக்காவிலிருந்து வந்த மாவுப்பூச்சி ஆப்பிரிக்காவின் மரவள்ளியை அழித்தது. அதை அடக்கும் குளவியைத் தேடித் தென் அமெரிக்கா போனவர்கள் முதலில் கண்டது, பார்க்க அதேபோல் இருந்த வேறொரு மாவுப்பூச்சி; அதன் குளவிகள் பயன்படவில்லை. 1981-இல் பராகுவேயில் சரியான மாவுப்பூச்சியும் அதற்குரிய குளவியும் கிடைத்த பிறகே நிலைமை மாறியது. அந்தத் திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

ஆகவே மருந்துத் தெளிப்பானை எடுக்கும் முன் இலையின் அடிப்பக்கம் பாருங்கள். செடிச் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியின் கூட்டத்தில் சில மட்டும் உப்பிப் பழுப்பாகி அசையாமல் இருந்தால், உள்ளே குளவி வளர்கிறது. முதுகில் வட்டமாக ஓட்டை தெரிந்தால் அது வெளியேறிவிட்டது. அந்தச் செடியைச் சில நாள் விட்டுவையுங்கள்.