கேமராவுக்கு முன்னால் ஒரு பிங்

கனடாவில் படுக்கையில் இருந்த பாட்டி பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஏற்பாடு செய்த கல்யாண நேரலை அது. மேடையோரம் கேமரா இணைத்த லேப்டாப், பால்கனியில், நேரலையை ஒளிபரப்பும் ஓபிஎஸ் மென்பொருள் ஓடும் இன்னொரு லேப்டாப். முதல் நாள் இரவு எல்லாம் சரியாக ஓடியது. காலையில் படம் வரவில்லை.

ஓபிஎஸ்ஸை மூடித் திறந்தோம், நெட்வொர்க் வழியாக வீடியோவைக் கடத்தும் என்டிஐ ப்ளக்கினைத் திரும்பப் போட்டோம், எச்டிஎம்ஐ கேபிளை மாற்றினோம். இருபது நிமிடம் கழித்துத்தான் மேடை லேப்டாப்பில், அதன் நெட்வொர்க் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். முகவரி 169.254 என்று தொடங்கியது. ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காததால் விண்டோஸ் தானாக வைத்துக்கொண்டது அது. பூ அலங்காரம் செய்தபோது, வயர்களை ஒன்றாக இணைக்கும் சுவிட்ச் பெட்டியிலிருந்து ரவுட்டருக்குப் போகும் வயர் கழன்றிருக்கிறது. லேப்டாப் செருகிய இடத்தில் பச்சை விளக்கு எரிந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தாலி கட்டும்போது படம் பாட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அதற்கு முன் மாலை மாற்றியதை அவர் பார்க்கவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அதனால் இப்போதெல்லாம் எந்த மென்பொருளையும் திறக்கும் முன் இரண்டு லேப்டாப்பிலும் ஐபி முகவரியைப் பார்க்கிறேன். ஒன்று 192.168.1.20, இன்னொன்று 192.168.0.15 என்றிருந்தால் அவை வேறு வேறு நெட்வொர்க்கில் இருக்கின்றன என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அப்புறம் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று இரண்டு பக்கமும் பிங். 1983இல் அமெரிக்க நிரலாளர் மைக் மூஸ் எழுதிய சின்ன நிரல்தான்; நீர்மூழ்கியைத் தேடும் சோனார் ஒலியின் பெயரை அதற்கு வைத்தார். வேலையும் அதேதான்: குரல் கொடுத்து, பதில் வருகிறதா என்று கேட்பது.

'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வந்தால் முதலில் வயரையும் முகவரியையும் பாருங்கள். 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்றால் எதிர்ப்பக்க ஃபயர்வால் தடுத்திருக்கலாம். விண்டோஸில் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருந்தால் பெரும்பாலும் பிங்குக்குப் பதில் வராது. அதற்காக மொத்த ஃபயர்வாலையும் அணைத்துவிடாதீர்கள். பிங்கின் அழைப்பை உள்ளே விடும் எக்கோ ரிக்வெஸ்ட் விதியை மட்டும் அனுமதித்தால் போதும்.

மண்டபத்து விருந்தினர் வைஃபை இன்னொரு சிக்கல். இரண்டு லேப்டாப்பிலும் யூடியூப் ஓடும், ஆனால் ஒன்றுக்கு மற்றது தெரியாது. ஒருவர் கருவியை இன்னொருவர் தொடாதபடி ரவுட்டரே பிரித்து வைத்திருக்கும். "நெட் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். அதை நம்பி உட்காராமல் சொந்தமாக ஒரு சுவிட்ச் எடுத்துப் போங்கள்.

பதில் வந்துவிட்டதே என்று நிறுத்திவிடவும் கூடாது. விண்டோஸ் பிங் அனுப்புவது வெறும் 32 பைட். வீடியோ அப்படியல்ல, முழுத்தர என்டிஐயில் 1080 தரம், நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் 100 மெகாபிட்டைத் தாண்டும். கேபிளின் எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்தாலும் 1000 மெகாபிட் இணைப்பு 100க்கு இறங்கிவிடலாம். பிங் ஒரு மில்லிசெகண்டில் வரும், படம் திக்கும். அதனால் அடாப்டர் ஸ்டேட்டஸில் வேகத்தைப் பார்த்துவிட்டு, நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் 3 நிரலைக் கொண்டு ஐந்து நிமிடம் தரவை ஓட்டிப் பார்ப்பேன்.

நிகழ்ச்சி முடியும்வரை ஓரத்தில், நிறுத்தும்வரை பிங் அனுப்பிக்கொண்டே இருக்கும் 'பிங் -டி' கட்டளை ஓடிக்கொண்டே இருக்கும். படம் நின்றால் முதலில் அது ஓடும் கறுப்புத் திரையைத்தான் பார்ப்பேன். பதில் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தால் கேமரா பக்கம் போவேன், வரி விட்டுப்போயிருந்தால் வயரைத் தேடி.