குறட்டை நின்றுபோகும் நேரம்

குறட்டை விடுகிறவரைப் பார்த்தால் "அடித்துப்போட்டதுபோல் தூங்குகிறார்" என்கிறோம். தூக்க ஆய்வகத்தில் இரவு முழுக்க விழித்திருக்கும் தொழில்நுட்பரோ அந்தச் சத்தம் சட்டென்று அடங்கும் நேரத்துக்காகக் காத்திருப்பார்.

மூச்சுக்குழாயைத் தாங்கும் குருத்தெலும்பு வளையங்கள் நாக்குக்குப் பின்னால் உள்ள தொண்டைப் பகுதியில் கிடையாது. விழித்திருக்கையில் அதைத் திறந்து வைத்திருப்பவை தசைகள்தாம். தூங்கியதும் அவை தளர்கின்றன, நாக்கு பின்னோக்கிச் சரிகிறது. வழி குறுகினால் காற்று மெல்லிய தசைகளை அதிரவைக்கிறது, அதுவே குறட்டை. வழி முற்றிலும் அடைத்துக்கொண்டால் அமைதி. தூக்க மூச்சுத்தடை என்பது இதுதான்.

அப்போது திரையில் மூக்கின் காற்றோட்டத்தைக் காட்டும் கோடு தட்டையாகிறது. ஆனால் மார்பிலும் வயிற்றிலும் கட்டிய பட்டைகளின் கோடுகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, பெரும்பாலும் ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கியபடி. உடல் மூச்சுக்குப் போராடுகிறது, காற்றுதான் நுழையவில்லை. (பட்டைகளும் அசையாமல் நின்றால் அது வேறு நோய்: மூச்சுவிடச் சொல்லும் ஆணையே மூளையிலிருந்து வரவில்லை.) விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் குறைவதைச் சற்றுத் தாமதமாகவே காட்டும், நுரையீரலிலிருந்து ரத்தம் விரல்நுனிக்கு வந்து சேர நேரம் பிடிப்பதால். கடைசியில் மூளை அலைகள் வேகமெடுக்கின்றன, மூளை ஒரு கணம் விழிக்கிறது. ஒரு திணறல், ஒரு பெரிய குறட்டை, மீண்டும் தூக்கம். படுத்திருப்பவருக்கு இதில் எதுவும் நினைவிருக்காது. காலையில் "நன்றாகத் தூங்கினேன், ஆனாலும் அசதியாக இருக்கிறது" என்பார். அவர் பொய் சொல்லவில்லை.

இப்படி 10 நொடிக்குக் குறையாமல் மூச்சு நிற்பதையும் வெகுவாகக் குறைவதையும் எண்ணி, மணிக்கு எத்தனை என்று கணக்கிடுகிறார்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 15 வரை லேசானது, 30-ஐ எட்டினால் கடுமையானது.

எண்ணுவது எளிதல்ல. முதல்நாள் மாலையே நாடாவால் தலையை அளந்து, மூக்கின் மேற்பள்ளம் முதல் பின்தலை மேடு வரையுள்ள தூரத்தில் 10, 20 சதவீத இடைவெளிகளில் குறியிட்டு, மூளை அலைகளைப் பதியும் மின்முனைகளைப் பசையால் ஒட்டுகிறார்கள். விளக்கை அணைத்ததும், "கண்ணை இடமும் வலமும் நகர்த்துங்கள், பல்லைக் கடியுங்கள், பாதத்தை அசையுங்கள்" என்று சொல்லி ஒவ்வொரு கோட்டையும் சரிபார்க்கிறார்கள். பிறகு பதிவை 30 நொடிப் பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் தூக்கத்தின் நிலையைக் குறிக்கிறார்கள். 8 மணி நேரத்துக்கு 960 பக்கங்கள். ஏன் 30 நொடி? நொடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் காகிதம் ஓடிய காலத்தில் 30 சென்டிமீட்டர் பக்கத்தில் அடங்கியது அவ்வளவுதான். காகிதம் போய்விட்டது, கணக்கு மட்டும் நிலைத்துவிட்டது.

கண்கள் வேகமாக அசையும் கனவுத் தூக்கத்தை 1953இல் சிகாகோவில் தூக்க ஆய்வாளர்களான அசெரின்ஸ்கியும் கிளைட்மேனும் அறிவித்தார்கள். அந்த நிலையில் உடலின் பெரும்பாலான தசைகள் துவள்வதால் பலருக்கு மூச்சுத்தடை அப்போதுதான் மோசமாகும். விடியலை ஒட்டியே கனவுத் தூக்கம் அதிகம் வருகிறது. ஆகவே பாதி இரவில் எழுந்து போய்விடுபவரின் பதிவை நம்பி "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

சிகிச்சைக்கு வழி காட்டியவர் சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன். மூக்கு வழியாக விடாமல் காற்றழுத்தம் கொடுத்து ஐந்து நோயாளிகளின் மூச்சுத்தடையை நீக்கியதை 1981இல் அவருடைய குழு வெளியிட்டது. சிபேப் எனப்படும் இந்தக் கருவி தருவது ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். அது தருவது சாதாரண அறைக்காற்றுதான். தொண்டை ஒட்டிக்கொள்ளாதபடி அந்தக் காற்றே உள்ளிருந்து முட்டுக் கொடுக்கிறது.

எவ்வளவு அழுத்தம் போதும் என்பதை அறியவும் ஓர் இரவு வேண்டும். நோயாளி தூங்க, பக்கத்து அறையிலிருந்து தொழில்நுட்பர் 4 சென்டிமீட்டர் உயர நீர் தரும் அழுத்தத்தில் தொடங்கி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டுகிறார். முதலில் அடைப்பு நீங்கும், பிறகு குறட்டை அடங்கும். அதோடு அவர் நிறுத்துவதில்லை. மல்லாந்து படுத்த நிலையில் கனவுத் தூக்கம் வரும்வரை பொறுத்திருக்கிறார். அப்போதும் காற்றோட்டக் கோடு தட்டையாகாமல் வளைந்து எழுந்து இறங்கினால், அந்த எண்ணைக் குறித்துக்கொள்கிறார்.