தண்ணீரைக் கட்டிப்போடும் மாவும் பிசினும்

மோர்க்குழம்புக்குத் தேங்காயோடு ஊறவைத்த பச்சரிசியையும் சேர்த்து அரைப்பது வெறும் ருசிக்காக இல்லை. தயிரை அப்படியே கொதிக்கவிட்டால் அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, குழம்பு திரிந்துவிடும். அரிசி சேர்ந்திருந்தால், சூட்டில் உப்புகிற மாவுச்சத்து நடுவே புகுந்து அவற்றை நெருங்கவிடாது. குழம்பு கெட்டியாகவும் ஆகிறது, பிரியாமலும் நிற்கிறது. சாஸ், சூப், ஐஸ்கிரீம் தயாரிக்கிறவர்களுக்கும் வேண்டியது இந்த இரண்டும்தான்.

கொஞ்சம் கார்ன்ஃப்ளாரைப் பச்சைத் தண்ணீரில் கலக்கி வைத்துப் பாருங்கள். பால் மாதிரி இருக்கும். சற்று நேரத்தில் மாவு அடியில் படிந்துவிடும். அது கரையவே இல்லை. சுமார் 15 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள இறுக்கமான மணிகளாக மிதந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு மணிக்குள்ளும் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலிகள் இரண்டு வகை: கிளையே இல்லாததுபோல் நீண்டு கிடக்கும் அமைலோஸ் ஏறக்குறைய கால் பங்கு, கிளை கிளையாகப் பிரியும் அமைலோபெக்டின் முக்கால் பங்கு.

இப்போது கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்வரை ஒன்றும் நடக்காது. அப்புறம் மணிகளின் இறுக்கம் தளர்ந்து தண்ணீர் உள்ளே நுழையும். அவை பல மடங்கு உப்பி ஒன்றையொன்று நெருக்க, அமைலோஸ் வெளியே கசிந்து மிச்சமிருக்கும் தண்ணீரிலும் பின்னிக்கொள்ளும். கரண்டி கனக்கும். வெள்ளை மங்கி, கண்ணாடி போன்ற பளபளப்பு வரும். அந்தப் பளபளப்புக்கு முன்பே அடுப்பை அணைத்தால் பச்சை மாவு வாசனை போகாது.

உப்பிய மணிகள் மென்மையானவை. கெட்டியான பிறகும் வேகமாக அடித்துக் கலக்கினால் உடைந்து, குழம்பு நீர்த்துப்போகும். புளியோ எலுமிச்சையோ சேர்த்து நெடுநேரம் கொதித்தால் புளிப்பு சங்கிலிகளை வெட்டிவிடும். அதனால்தான் சூப்பில் எலுமிச்சையைக் கடைசியில் பிழிவது நல்லது. எச்சில் கரண்டியை கஸ்டர்டில் திரும்பப் போட்டாலும் இதே கதிதான், உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சிதைக்கும்.

ஆறவைத்தால் வேறொரு தொல்லை. அமைலோஸ் சங்கிலிகள் மறுபடியும் அடுக்கடுக்காகச் சேர்ந்து இறுகி, பிடித்துவைத்த தண்ணீரை வெளியே தள்ளும். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் இது இன்னும் மோசம். உறைந்த உணவுகளில் அமைலோஸ் ஏறக்குறைய இல்லாத மாவுச்சத்தையோ, வேதிமுறையில் மாற்றியமைத்த மாவுச்சத்தையோ சேர்ப்பது இதற்காகத்தான்.

பிசின்களின் வழி வேறு. நமக்குத் தெரிந்த கொத்தவரையின் முற்றிய விதையிலிருந்துதான் குவார் கம் வருகிறது. அந்தச் செடி ராஜஸ்தானில் ஏராளமாக விளைகிறது. உலகின் குவாரில் பெரும்பங்கு இந்தியாவுடையது. இதில் உப்புவதற்கு மணி கிடையாது, சூடும் வேண்டியதில்லை. நீண்ட சங்கிலிகள் பச்சைத் தண்ணீரிலேயே விரிந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. 100 மில்லி தண்ணீருக்கு 1 கிராம் போதும், கொழகொழவென்று ஆகிவிடும். மொத்தமாகக் கொட்டினால் மட்டும் மேற்புறம் நனைந்து உள்ளே தண்ணீர் போகாமல் கட்டி தட்டும். சர்க்கரையோடு கலந்து தூவினால் அந்தச் சிக்கல் வராது.

எனக்கு மிகவும் வியப்பு தருவது சாந்தன் கம். சாந்தோமோனாஸ் கேம்பெஸ்ட்ரிஸ் என்ற பாக்டீரியா சர்க்கரையை உண்டு இதை உருவாக்குகிறது. அசையாமல் இருக்கும்போது சங்கிலிகள் வலைபோலப் பிணைந்து, மசாலாத் துணுக்கையும் எண்ணெய்த் துளியையும் நடுவிலேயே தாங்கி நிறுத்தும். பாட்டிலைக் குலுக்கினால் பிணைப்பு தளர்ந்து சாஸ் சுலபமாக ஊற்றும். தட்டில் விழுந்ததும் மறுபடி கெட்டியாகும். புளிப்பும் உப்பும் இதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

ஐஸ்கிரீமில் பிசினின் அளவு ஒரு சதவீதம்கூட இருக்காது. டப்பா கொஞ்சம் உருகித் திரும்ப உறையும் ஒவ்வொரு முறையும் பனித்துகள்கள் பெரிதாகி, நாக்கில் நறநறவென்று தட்டுப்படும். பிசின் இருந்தால் தண்ணீர் துகளுக்குத் துகள் எளிதில் நகர முடியாது, அந்த வளர்ச்சி மெதுவாகும். அடுத்த முறை டப்பாவின் பின்புறம், சேர்பொருள் பட்டியலில் உள்ள எண்களைப் பாருங்கள். 412 என்றால் குவார், 415 என்றால் சாந்தன், 407 என்றால் கடற்பாசியிலிருந்து எடுக்கும் காராஜீனன்.